மூட்டைத் தம்பியும் ஹால் இரைச்சலும்

அன்புள்ள சுண்டுவுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம், நம் ஹால்தான் கொஞ்ச நாளாக நலமில்லாமல் கிடந்து இப்போது தேறியிருக்கிறது. நீயும் உன் சளியும் எப்படி இருக்கிறீர்கள்? இந்தக் காலத்தில் என்ன கடிதம் என்று சிரிக்காதே. அப்பா என் போனையும் அந்த ஹோம் தியேட்டரோடு இணைத்து வைத்திருக்கிறார், நான் சமையலறையில் ஹலோ என்றால் பேசுகிறவர் ஹாலின் நாலு மூலையிலிருந்தும் பதில் சொல்கிறார். போன வாரம் பல் டாக்டரின் உதவியாளர் என் கடைவாய்ப் பல்லைப் பற்றிச் சொன்னது தெருவுக்கே கேட்டிருக்கும். இந்த வீட்டில் ரகசியம் பேச இனிக் காகிதம்தான் மிச்சம்.

நீ அந்தத் தற்காலிக வேலைக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் அப்பா அந்த ஹோம் தியேட்டரை அமைத்தது உனக்கு நினைவிருக்கும். ஸ்டூல் மேல் புத்தகங்களை அடுக்கி, அதன் மேல் அந்தக் குட்டி மைக்கை நிறுத்தி, ஸ்பீக்கர்கள் உய்ங் உய்ங் என்று ஊதி ஹாலை அளந்து முடிக்கும்வரை யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்று உத்தரவு போட்டார். நீ சோபாவின் இடது ஓரத்தில் சாம்பல் நிறப் போர்வையைச் சுற்றிக்கொண்டு, தும்மலை அடக்கி அடக்கிக் கண் சிவந்து உட்கார்ந்திருந்தாய். அளந்து முடித்ததும் எந்தச் சத்தத்தை ஏற்ற வேண்டும் எதை அடக்க வேண்டும் என்று மெஷினே ஈக்வலைசரைத் திருத்திக்கொண்டது. அன்றைக்குச் சத்தம் துடைத்த கண்ணாடி மாதிரி இருந்தது. மறுநாள் நீ போனாய். அன்று சாயங்காலமே செய்தி வாசிக்கிறவர் குடத்துக்குள் தலையை விட்டுக்கொண்டு வாசிக்க ஆரம்பித்துவிட்டார்.

அப்பா சும்மா இருப்பாரா? பேஸ் என்கிற அடிச் சத்தத்தைக் குறைத்தார், ஸ்பீக்கர்களைச் சுவரிலிருந்து நகர்த்தினார், என் நல்ல ஜன்னல் திரையைக் கழற்றி எதிர்ச் சுவரில் மாட்டினார். ஜன்னலுக்கு என்ன செய்வது என்றேன், ஜன்னல் வழியா சத்தம் வெளிய போயிரும், அது பிரச்சினை இல்ல, சுவர்தான் திருப்பி அடிக்குது என்றார். அப்புறம் மூலைக்கு மூலை நின்று கைதட்டி எதிரொலி பார்க்க ஆரம்பித்தார். கீழ் வீட்டு டியூஷன் டீச்சர் மேலே வந்து, சார் தட்டறது நல்ல விஷயம்தான், ஆனா தப்பா சொல்ற பசங்களுக்கும் தட்டறாரே என்று வருத்தப்பட்டார். பிள்ளைகள் தங்கள் பதிலுக்குத்தான் தட்டுகிறார் என்று நினைத்திருக்கின்றன.

பிறகு ஒரு நாள் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் நுரையோடு ஓடி வந்தார். கண்டுபிடிச்சுட்டேன், அளந்தப்ப சுண்டு உட்கார்ந்திருந்தான், போர்வையோட, இப்ப அவன் இல்ல, மெஷினுக்கு அது தெரியாது, அது பாட்டுக்கு அவன் இருக்கான்னு நெனச்சு வேல பாக்குது என்றார். அப்படியானால் மறுபடி அளக்க வேண்டியதுதானே என்றேன். எதுக்கு, அவன்தான் வரப்போறானே, அதுவரைக்கும் அவன் எடத்துல எதையாவது வெச்சா ஆச்சு என்றார். திடீரென்று போன் செய்து உன் எடையைக் கேட்டாரே, அதைப் பாசம் என்று நினைத்திருப்பாய். மெத்தையைச் சுருட்டி, நடுவில் உன் காலேஜ் புத்தகங்களைத் திணித்து, அந்த மூட்டையைக் கட்டிப் பிடித்தபடி எடை மெஷினில் ஏறி நின்று தன் எடையைக் கழித்துப் பார்த்தார். குறைந்த இடத்துக்கு இஸ்திரிப் பெட்டியைச் செருகினார். நீ விட்டுப்போன போர்வையைச் சுற்றி, மேலே உன் கம்பளித் தொப்பி வேறு. தொப்பி எதற்கு என்றால், முடியும் சத்தத்த உறிஞ்சும் என்றார். தன் வழுக்கை ஹாலுக்குச் செய்யும் கெடுதலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

பொய் சொல்ல மாட்டேன் சுண்டு, சத்தம் சரியாகிவிட்டது. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. மூட்டைத் தம்பி வந்த பிறகு வீட்டில் எல்லாமே அவனை ஒட்டி நடந்தது. டீச்சர் திரும்ப வந்தபோது எட்டிப் பார்த்துவிட்டு, தம்பிக்கு இன்னும் சளி விடலயா, பாவம், முகத்தக் கூட காட்ட மாட்டேங்குது என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார், இல்லை என்று தலையாட்டிவிட்டேன். இஸ்திரிப் பெட்டி வேண்டுமென்றால் உன் அப்பாவிடம் அனுமதி வாங்க வேண்டும், நான் கேட்கவில்லை, அதனால் அவரே கசங்கிய சட்டையோடுதான் ஆபீஸ் போனார். ஒரு நாள் பெருக்கிக்கொண்டே வந்து, கொஞ்சம் காலத் தூக்குடா என்று நானே அதனிடம் சொன்னேன். சொல்லிவிட்டு அதைச் சுற்றிப் பெருக்கிவிட்டுப் போனேன்.

அந்த வாரம்தான் நீ என் ஆபீஸுக்குப் போன் செய்து, அந்த ஊரிலேயே நிரந்தர வேலை கிடைத்துவிட்டது, இப்போதைக்குத் திரும்பப் போவதில்லை, அப்பாவிடம் நீயே பக்குவமாகச் சொல்லிவிடு அம்மா என்றாய். பக்குவமாம். எனக்கு அவரிடம் சொல்வதா கஷ்டம்? மூட்டைக்கு முன்னால் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. தினமும் அவருக்கும் அதற்கும் நடுவில் உட்கார்ந்து டிவி பார்த்தேன், வாய் வரைக்கும் வந்து திரும்பிப் போயிற்று. உனக்குச் சந்தோஷமான செய்தி, எனக்கும்தான், ஆனால் அவர் சொன்ன அந்த 'அதுவரைக்கும்' என்ற ஒரு சொல்லின் மேல்தான் மொத்த ஹாலும் நின்றுகொண்டிருந்தது.

கடைசியில் ஞாயிற்றுக்கிழமை சோபா ஒரு சாண் நகர்ந்துவிட்டது என்று மூட்டையை வைத்துக்கொண்டே திரும்ப அளக்க உட்கார்ந்தார். ஸ்பீக்கர் ஊத ஆரம்பித்தது, விரலை உதட்டில் வைத்தார். இவர் பதில் பேச முடியாத நேரம் இது ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றியது, சொல்லிவிட்டேன். அவனுக்கு அங்கயே வேலை நிரந்தரமாயிருச்சுங்க, இப்போதைக்கு வர மாட்டான், உங்ககிட்ட சொல்ல பயப்படறான் என்று ஒரே மூச்சில். விரலை எடுக்காமலே என்னைப் பார்த்தார். உய்ங் உய்ங் என்று அது பாட்டுக்கு ஊதி முடித்தது. பிறகு டிவியில், அறையில் சத்தம் அதிகம், மீண்டும் முயலவும் என்று எழுத்து வந்தது. அவர் மைக்கின் வயரைப் பிடுங்கிவிட்டு, இப்ப சொல்லு என்றார். திரும்பச் சொன்னேன்.

கோபப்படவில்லை. நல்ல சம்பளமா என்று மட்டும் கேட்டார். பிறகு மூட்டையின் தொப்பியைக் கழற்றினார், போர்வையைப் பிரித்து மடித்தார், புத்தகங்களை அலமாரியில் வைத்தார், இஸ்திரிப் பெட்டியை என் கையில் கொடுத்தார். வயரைத் திரும்பச் செருகிவிட்டு உன் ஓரத்தில் அவரே உட்கார்ந்துகொண்டு, வா, ரெண்டு பேருக்கு அளப்போம், அசையாம உட்காரு என்றார். இருவரும் அசையாமல்தான் உட்கார்ந்திருந்தோம். அவர் ஒரு தடவை மூக்கை உறிஞ்சினார், மெஷின் அதைக் கண்டுகொள்ளவில்லை.

அந்த மெஷினில் இன்னோர் அளவையும் பத்திரப்படுத்த இடம் இருக்கிறதாம். நீ இருந்தபோது எடுத்ததை அவர் அழிக்கவில்லை. 'பையன் வரும்போது' என்று பெயர் வைக்க ரிமோட்டில் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினார், இடம் போதாமல் 'பையன் வர' என்பதோடு நின்றுவிட்டது. அது வரும்போதா, வரமாட்டானா என்று தெரியவில்லையே என்றேன். பாக்கிய அவன் சொல்லட்டும் என்றார்.

ஆகையால் இந்த ஞாயிறு அப்பாவுக்கு நீயே போன் செய், இனிமேல் என்னைத் தூது அனுப்பாதே. பேசும் முன் தொண்டையைச் செருமாதே, டீச்சர் வீட்டுச் சுவர்க் கடிகாரம் கழன்று விழும். புது வேலையில் பேரும் நிம்மதியும் சேர்ந்து வர எங்கள் இருவர் ஆசீர்வாதமும் உனக்கு உண்டு. எல்லா அம்மாக்களும் நன்றாகச் சாப்பிட்டுச் சதை போடு என்றுதான் எழுதுவார்கள், எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. உன் அப்பா கண்டிப்பாக எழுதச் சொன்னது இது: கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம், வருகிறபோது அதே எடையில் வர வேண்டுமாம். போர்வையைத் துவைத்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
சோபாவின் வலது ஓரத்திலிருந்து,
உன் அம்மா