பாதி வேகத்தில் அக்கா

ஜூன் 3

அன்புள்ள அக்காவுக்கு,

உன் குட்டிப்பிசாசு எழுதுறேன். பரீட்சைக்கு அப்புறம் பேனா பிடிக்கிறது இதுதான் முதல் தடவை. உங்க பேண்டுக்கு நெட்ல பக்கம் கிடையாது, போன் நம்பர் கிடையாது, வெறும் தபால்பெட்டி எண்! நிஜ அண்டர்கிரவுண்ட்! பெருமையா இருக்கு, எரிச்சலாவும் இருக்கு.

கேசட் வந்துச்சு!! ஐம்பது பிரதியில ஏழாவது, உன் கையால நம்பர் போட்டது. மூணு வருஷமா ஒரு வரி இல்ல, திடீர்னு பார்சல். உள்ள ஒரு துண்டுச்சீட்டுகூட இல்ல. சரி, சண்டையை அப்புறம் வெச்சுக்கிறேன்.

கேசட் போட எங்கிட்ட என்ன இருக்கு? பழைய சாமான் கடையில ஒரு பிளேயரைத் தேடிப் பிடிச்சேன். இருபத்துநாலு நிமிஷம். அக்கா, நான் காலி. நீங்க கிரைண்ட்கோர் பேண்டுன்னு கேள்விப்பட்டேன், தகரக் கூரையில ஆலங்கட்டி கொட்டுற மாதிரி வேகம் இருக்கும்னு நினைச்சேன். நீங்க டூம் மெட்டல் வாசிக்கிறீங்க! அவ்ளோ மெதுவு, அவ்ளோ கனம். உடனே நெட்ல என் பக்கத்துல விமர்சனம் போட்டுட்டேன். நான் வேலை பார்க்கிற ஜெராக்ஸ் கடையில முதலாளி பார்க்காதப்போ பிரிண்ட் எடுத்து இதோட வெச்சிருக்கேன். உன்னைப் பத்தி எழுதின இந்த இடம் எனக்கே பிடிச்சது: "இந்த ட்ரம்மர் அடிப்பதில்லை. நிறைகுடத்தைத் தரையில் வைப்பதுபோல ஒவ்வொரு அடியையும் இறக்கி வைக்கிறார்." நானூறு பேர் பகிர்ந்திருக்காங்க!

ஆரம்பத்துல கிணத்துக்குள்ளேர்ந்து ஒன், டூ, த்ரீ, ஃபோர்னு எண்ணுற அந்த ஆள் யாரு?

சாப்பிடுறியான்னு அம்மா கேக்கச் சொன்னாங்க.

உன்
குட்டிப்பிசாசு

ஜூன் 11

அடி லூசுப் பிசாசே,

அந்த ஆள் நான்தான்டி.

பன்னண்டு நிமிஷக் கேசட்டை இருபத்துநாலு நிமிஷம் கேட்டிருக்க. உன் பிளேயருக்குள்ள ரப்பர் பெல்ட் தொளதொளன்னு ஆகியிருக்கும், டேப் பாதி வேகத்துல ஊர்ந்து என் குரலையும் ஆம்பளைக் குரலாக்கிடுச்சு. நாங்க கிரைண்ட்கோர்தான். ஒரு பாட்டு நாற்பது செகண்ட்.

உன் விமர்சனத்தை எங்க பாடகர் சத்தமா வாசிச்சார். ஸ்கூல் வேன் ஓட்டுறவர், பிள்ளைங்களை ஒரு அதட்டல் போட மாட்டார், மொத்தத்தையும் மைக்குக்குச் சேத்து வெப்பார். சிரிச்சுச் சிரிச்சு அவருக்கு விக்கலே வந்துடுச்சு. கிட்டார்க்காரன் சிரிக்கல. "விரல் தேயத் தேய வாசிச்சேன், உன் தங்கச்சி என்னை ஆமை ஆக்கிட்டா"ன்னு அன்னைக்கு முழுக்க யாரோடயும் பேசல.

சீட்டு ஏன் வெக்கலன்னா, எழுத வரல. இப்ப எழுதிடுறேன். அது ஜனவரியில பதிஞ்ச கேசட். மார்ச்லேர்ந்து வலது மணிக்கட்டு சொன்ன பேச்சு கேக்கல. பகல் முழுக்க ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துல ஈரப் போர்வையை உதறி உதறி மெஷினுக்குள்ள விடணும், சாயங்காலம் ட்ரம்ஸ். இனியும் வேகமா வாசிச்சா ஒரு நாள் குச்சியே பிடிக்க முடியாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். ஜூலை இருபது மேடையை மாத்திரை போட்டு ஒப்பேத்திடுவேன். அதுதான் கடைசி. வேற ட்ரம்மர் தேடுறாங்க. நான்தான் தேடச் சொன்னேன்.

என் வேகத்தை நீ ஒரு தடவையாவது கேக்கணும்னுதான் அனுப்பினேன். நீ அதைத் தவிர எல்லாத்தையும் கேட்டிருக்க.

சாப்பிடுறேன்னு சொல்லு.

அக்கா

ஜூன் 15

அக்கா,

மிக்ஸி ரிப்பேர் கடை அண்ணன் பெல்ட் மாத்திக் குடுத்தார். கேட்டேன். சாமி! நான் உக்காருறதுக்குள்ள முதல் பாட்டு முடிஞ்சுபோச்சு. உனக்கு நாலு கையா? அழுதுட்டேன். பாதி பெருமையில. மீதி உன் கையை நினைச்சு.

பக்கத்துல தப்பை ஒத்துக்கிட்டேன். "கேசட் போடத் தெரியாதவளுக்கு விமர்சனம் எதுக்கு, போய்த் தாலாட்டு கேளு"ன்னு கிழிகிழின்னு கிழிக்கிறாங்க. கிழிக்கட்டும்.

ஆனா ஒண்ணு, ஆறுதலுக்குச் சொல்றேன்னு நினைக்காத. எனக்கு அந்த மெதுவானதுதான் பிடிச்சிருக்கு. வேகத்துல உன் கோவம் கேக்குது. மெதுவுல, ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவுல நீ காத்திருக்கிறது கேக்குது.

பெல்ட் மாத்துறதுக்கு முன்னாடியே அதைப் போன்ல பதிஞ்சு வெச்சிருந்தேன். நேத்து அது ஓடுறப்போ அப்பா வந்தார். உன் ட்ரம்ஸை மழையில தூக்கி வெச்சு உன்னை ஊரைவிட்டே போக வெச்ச அதே அப்பா. "யாரு வாசிக்கிறது?"ன்னார். "அக்கா"ன்னேன். நிறுத்துன்னும் சொல்லல. பாதி பட்டன் போட்ட சட்டையோட முடியுற வரைக்கும் நின்னார்.

இருபதாம் தேதி மெதுவா வாசியேன். எல்லாப் பாட்டையும். மாத்திரையெல்லாம் வேண்டாம். கிட்டார்க்காரர் கால்ல வேணும்னா நான் வந்து விழுறேன்.

உன்
பிசாசு

ஜூலை 2

பிசாசே,

பேண்டுல கேட்டுட்டேன். "அதுக்கு நான் கல்யாண வரவேற்புல கீபோர்டு வாசிச்சுப் பிழைச்சுக்குவேன்"னான் கிட்டார்க்காரன். அப்புறம் முணுமுணுத்துக்கிட்டே ஒரே ஒரு பாட்டுக்கு ஒத்துக்கிட்டான். ஒத்திகையில வேன் டிரைவர் ஒரு கத்தலை அவ்ளோ நேரம் இழுத்ததுல தலை சுத்தி நாற்காலியில உக்காந்துட்டார். எனக்கு உடம்பெல்லாம் வேர்த்துப்போச்சு. வேகத்துல ஒரு அடி தப்பினா அடுத்த பத்து அடி அதை மூடிடும். இதுல மூட ஒண்ணுமே இல்லடி.

முடிஞ்சதும் கிட்டார்க்காரன்தான் தரையைப் பார்த்துக்கிட்டே, "அடுத்தது?"ன்னான்.

மணிக்கட்டு வலிக்குது, ஆனா சொன்ன பேச்சு கேக்குது. பயம் என்னன்னா, வர்ற கூட்டம் வேகத்துக்காகவே வர்ற கூட்டம். நீ வா. ஞாயிறு மதியம் மூணு மணி, டயர் கிடங்குக்குப் பின்னாடி இருக்கிற ஷெட்டு. காதுக்குப் பஞ்சு எடுத்துட்டு வா.

அக்கா

ஜூலை 23

என் செல்லப் பிசாசுக்கு,

இடது கையால எழுதுறேன், அதான் எழுத்து இப்படிக் கோணுது. வலது கை ஐஸ்ல இருக்கு. பயப்படாத, ஒரு வாரத்துல வீக்கம் வடிஞ்சிடும்னு டாக்டர் திட்டிக்கிட்டே சொன்னார்.

என்னைக் கட்டிப்பிடிச்ச கையோட பஸ்ஸுக்கு ஓடிட்ட, ஒரு வார்த்தை பேச முடியல. மூணாவது பாட்டுல ஒருத்தன் "தூக்கம் வருது, வேகமா அடி!"ன்னு கத்தினானே, அப்போ நீ திரும்பி, "தூக்கம் வந்தா வீட்டுக்குப் போய்ப் படுடா!"ன்னு கத்தினது மேடை வரைக்கும் கேட்டுச்சு. அவனோட சேர்ந்து பாதிக் கூட்டமும் போயிடுச்சு. மிச்சம் இருந்தவங்க ஒவ்வொருத்தரா தரையில உக்காந்துட்டாங்க. மெட்டல் கூட்டம் உக்காந்து நான் பார்த்ததே இல்ல.

சாமானை வேன்ல ஏத்துறப்போ கிட்டார்க்காரன், "புது ட்ரம்மர் தேட வேண்டாம்"னான். எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல, திமிர் பிடிச்சவன்! மாசத்துக்கு ஒரு மேடைதான், அதுக்கு மேல கை தாங்காதுன்னுட்டேன். சரின்னுட்டான்.

அடுத்த ஞாயிறு வீட்டுக்கு வர்றேன். அம்மாகிட்டச் சொல்லிடு. அப்பாகிட்டச் சொல்றதும் சொல்லாததும் உன் இஷ்டம். ஒரு உதவி மட்டும் பண்ணு. பத்து மணியிலேர்ந்து கதவைத் திறந்தே வை. தட்டுற நிலைமையில என் கை இல்ல.

அக்கா