வெங்காயத் தோட்டத்துக்கு வந்த மாநாடு

பெப்ரவரி 12, வியாழன்
காலையில் பனி. கிணற்றடி வழுக்கல்.

விவசாயப் போதனாசிரியர் போன் எடுத்தார். பட்டணத்தில் நடக்கிற விவசாய மாநாட்டு ஆட்கள் நாளை தெல்லிப்பழைக்கு, அதுவும் எங்கள் தோட்டம் பார்க்க. 22 பேர். அரை மணித்தியாலம்.

இரண்டு போகமாக வெங்காயத்துக்கு ஒரே நோய் வருத்தம். இலை முறுகி, கழுத்து நீண்டு, அழுகல். போனில் எத்தனை படம் அனுப்பியும் ஒருவருக்கும் பிடிபடவில்லை. இந்த முறையும் போனால் வெங்காயத்துக்கு முழுக்கு என்று என் மனுசன் சொல்லிவிட்டார். கலியாணம் கட்டி வந்த நாளிலிருந்து வெங்காயம்தான். எனக்கு மனமில்லை. நாளைக்கு யாராவது கண்ணால் பார்க்கட்டும்.

வேலை: உழுந்து ஊறப்போட. கப் இரவல். வாழைப்பழம்.

13, வெள்ளி
நல்ல வெயில். விடிய நான் வடைக்கு அரைத்துக்கொண்டிருக்க, இவர் வருத்தம் வந்த செடி முழுவதையும் பிடுங்கி எறிந்திருக்கிறார். ஆட்கள் வருகினமாம், தோட்டம் வடிவாக இருக்க வேண்டுமாம்.

பஸ் வந்தது. கோயம்புத்தூர் டாக்டர் அம்மா, பயிர் நோய் படித்தவர், நோயுள்ள செடியைத்தான் முதலில் கேட்டார். இவர் நெஞ்சை நிமிர்த்தி, "ஒண்டும் இல்லை அம்மா, எல்லாம் துப்பரவு." எனக்கு அழுகையே வந்துவிட்டது. வெட்கத்தை விட்டு, "குப்பைக் கிடங்கிலை கிடக்கு, வாங்கோ" என்றேன்.

அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கிடங்குக்குள் இறங்கிவிட்டார். கிளறினால் போன போகத்துச் செடியும் அங்கேதான். இதை என்ன செய்வீர்கள் என்று கேட்டார். எருவாகத் தோட்டத்துக்கு என்றார் இவர்.

"ஐயா, நோயை நீங்களேதான் ஒவ்வொரு தடவையும் திரும்பக் கொண்டு போடுறீங்க."

அனுப்பின படம் ஒன்றிலும் இந்தக் கிடங்கு இல்லை. எங்கள் வெங்காயத்தையே விதைக்கு வைப்பதும் பிழையாம். பஸ்ஸில் வந்த கரவெட்டித் தோட்டக்காரர், தன்னிடம் வருத்தமில்லாத விதை இருக்கிறது, வந்தால் தருவேன் என்றார்.

அரை மணித்தியாலம் இரண்டரை ஆனது. வடை முடிந்து, பிறகு பாணும் சம்பலும்.

14, சனி
கிடங்கை வாரிக் காயவிட்டு எரிப்பு. அயல் தோட்டக்காரர் ஆறேழு பேர் வேடிக்கை பார்க்க வர, இவர் பேராசிரியர் மாதிரிக் கையைக் காட்டி விளக்கம். நேற்று அசடு வழிந்த மனுசன். இரண்டு பேர் தங்கள் கிடங்கைப் பார்க்க ஓடினார்கள். விதைக் கதை எடுத்தேன், இவர் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு கிடங்கடிக்குப் போய்விட்டார்.

15, ஞாயிறு
தேத்தண்ணியோடு போனால் ஆளில்லை. மோட்டார் சைக்கிளும் இல்லை. போன் எடுத்தேன்.

"கரவெட்டியிலை நிக்கிறன். விதைக்கு ரெண்டு சாக்குத்தான் கொண்டந்தனான், போதுமோ?"