அக்கரையில் இருந்த அஞ்சலை அக்காவுக்கு

அன்புள்ள அஞ்சலை அக்கா,

"அன்புள்ள அஞ்சலைக்கு" என்று எத்தனையோ தடவை எழுதிய கைதான் இது. அவருக்கு எழுதத் தெரியாது. சண்டைக்கு முன்னால் மாதம் தவறாமல் அவர் சொல்லச் சொல்ல நான் உனக்கு எழுதுவேன். என் புருஷன் இன்னொருத்திக்குச் சொல்லும் அன்பை என் கையாலேயே எழுதி, உறையை ஒட்டி, நானே தபாலில் போட்டுவிட்டு வருவேன். இன்றைக்குத்தான் முதல்தடவையாக என் சொந்தப் பேச்சை உனக்கு எழுதுகிறேன். படித்துக் காட்டச் சொல்லிக் கேட்க நீ இல்லை. மற்றவர்கள் படித்தால் படிக்கட்டும்.

நான் லோகா. சிங்கப்பூரிலேயே பிறந்தவள். தேக்காவில் மாட்டுக்கொட்டகை வைத்துப் பால் விற்றவர் என் அப்பா. உன் புருஷன் என்னைப் பெண் கேட்டு வந்தபோது எதையும் மறைக்கவில்லை. நாகப்பட்டினத்துக்குத் தெற்கே கடலோரத்தில் வீடு, அங்கே ஒரு மனைவி, பிள்ளை இல்லை, அம்மாவைப் பார்த்துக்கொண்டு இருக்கிறாள் என்று சொன்னார். அப்பா கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஊர்ல இருக்கிறவ ஊர்ல இருக்கா, இங்க இருக்கப்போறவ இங்க இருக்கா" என்றார். அவ்வளவு சுலபமாக இருக்கும் என்றுதான் நானும் நினைத்தேன்.

ஆனால் நீ ஊரில் மட்டும் இருக்கவில்லை, அக்கா. சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் அவர் உட்காரும்போது நீயும் வந்து உட்கார்ந்துகொள்வாய். "அஞ்சலை இதுல ரெண்டு வெந்தயம் போடுவா" என்பார். என்னைக் குத்திக் காட்டுவதற்காக இல்லை, தானாக வாயில் வந்துவிடும். மழை வந்தால் உன் வீட்டுக் கூரை. மீன் வாங்கினால் நீ மீன் ஆயும் அழகு. நான் வெந்தயம் போட்ட அன்றைக்கு, நன்றாயிருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னாரா? அதுவும் இல்லை.

ஜப்பான்காரன் வந்தான். குண்டு விழுந்தது, அரிசி போய் மரவள்ளிக்கிழங்கு வந்தது, தெருவில் நிமிர்ந்து நடக்கவே பயமாக இருந்தது. கப்பலும் தபாலும் நின்றுபோயின. எல்லாரும் ஊர்க் கடிதம் இல்லையே என்று அழுதார்கள். எனக்கு அந்த ஒன்றில் மட்டும் நிம்மதி. உனக்குக் கடிதம் எழுத வேண்டியதில்லை. உன் பெயர் கொஞ்சம் கொஞ்சமாக வீட்டில் குறைந்தது. வெந்தயமே கிடைக்காத காலத்தில் வெந்தயத்தைப் பற்றி யார் பேசுவார்கள்?

அப்போதுதான் அந்தப் புயல் வந்தது.

சந்தை முனையில் ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். ஜப்பான்காரனின் வெற்றிச் செய்திகளைத் தமிழில் அதில் வாசிப்பார்கள். யாரும் காது கொடுப்பதில்லை. நான் ரேஷன் வரிசையில் நின்றிருந்தேன். தஞ்சாவூர்க் கரையில் பெரும்புயல், கடல் ஊருக்குள் புகுந்துவிட்டது, ஆறுகள் உடைத்துக்கொண்டு கிராமம் கிராமமாக வெள்ளம், பிணத்தை எடுக்கக்கூட வெள்ளைக்காரன் ஆள் அனுப்பவில்லை என்று அந்தக் குரல் வாசித்தது. வரிசை கலைந்தது. கிழங்கு வாங்க வந்தவர்கள், வண்டிக்காரர்கள், வெற்றிலை விற்றவர்கள் எல்லாரும் கம்பத்துக்குக் கீழே போய் அண்ணாந்து பார்த்தபடி நின்றார்கள். எந்த ஊர், எந்த ஊர் என்று ஒலிபெருக்கியைப் பார்த்துக் கேட்டார்கள். அது பதில் சொல்லுமா? பர்மாவில் சண்டை நடப்பதைப் பற்றி வாசிக்கப் போய்விட்டது.

அந்தக் கூட்டத்தில் அவரைப் பார்த்தேன். துறைமுகத்திலிருந்து காலை விந்தி விந்தி வந்திருக்கிறார். சரக்குப் பெட்டி விழுந்து நொறுங்கிய கால் அது, உனக்குத் தெரிந்திருக்கும், நான்தான் எழுதினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. பக்கத்தில் உங்கள் ஊர்க்காரர் வீராசாமி அண்ணன் தோளைப் பிடித்துக்கொண்டு, "அஞ்சலை, அஞ்சலை" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நாலு பேர் நடுவில் என் பெயரை அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை.

அதற்குப் பிறகு தேக்கா முழுக்க அதே பேச்சு. வேலை முடிந்ததும் ஆண்கள் நேராக அந்தக் கம்பத்தடிக்குத்தான் போவார்கள். கோயிலில் பெண்கள் விளக்குப் போட்டார்கள். பக்கத்து வீட்டு மேரியக்காவின் அண்ணன் குடும்பம் வேளாங்கண்ணிப் பக்கம். மேரியக்கா மாதா கோயிலில் பூசை வைத்துவிட்டு வந்து என் அடுப்படியில் உட்கார்ந்திருந்தார். ஊர்ச் சனத்துக்கென்று ஆளுக்கு ஒரு பிடி அரிசி கொண்டுவாருங்கள் என்று கோயிலில் சொன்னார்கள். அரிசி கண்ணில் படாத காலம், அக்கா. பிள்ளைகளுக்குக் கஞ்சிக்கு வைத்திருந்ததைக்கூட முந்தானையில் முடிந்துகொண்டு வந்தார்கள். மூட்டை சேர்ந்தபிறகுதான் அதை அனுப்பக் கப்பல் இல்லை என்று எல்லாருக்கும் உறைத்தது. கடைசியில் அதைக் கஞ்சியாகக் காய்ச்சித் தெருவில் பட்டினி கிடந்தவர்களுக்கு ஊற்றினார்கள். ஊற்றும்போது அழுதார்கள். அந்தக் கஞ்சி உனக்கென்று நினைத்து ஊற்றினார் அவர்.

நானும் வேண்டிக்கொண்டேன். நீ உயிரோடு இருக்க வேண்டும் என்றுதான் வேண்டினேன். அன்பால் இல்லை. உயிரோடு இருப்பவளோடு போட்டி போடலாம். செத்துப்போனவளோடு யாரால் போட்டி போட முடியும்? தாலியோடு போனவளை மாலை போட்டுக் கும்பிட்டு வீட்டுத் தெய்வமாக்கிவிடுவார்கள். நான் உனக்கு விளக்கேற்றிப் படையல் வைக்க வேண்டிவரும்.

அந்தப் பேச்சு சீக்கிரமே வந்தது. வீராசாமி அண்ணன் தன் வீட்டாருக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டார். இவரையும் காரியம் செய்யச் சொன்னார்கள். அந்தக் கரையில் யாரும் மிஞ்சியிருக்க மாட்டார்கள், ஆத்மா அலையக் கூடாது என்றார்கள். இவர் ஒரே பதில்தான் சொன்னார்.

"பாத்தவன் யாரு? பாத்தவன் வந்து சொல்லட்டும். அப்புறம் செய்றேன்."

கோபமாகச் சொல்லவில்லை. மெதுவாகத்தான் சொன்னார். எனக்கு அந்த மெதுவைத்தான் தாங்க முடியவில்லை.

ஊருக்கு நடந்தே போகலாம் என்று அப்போது ஒரு வழி திறந்தது. வெள்ளைக்காரனை விரட்ட இந்தியாவுக்குப் போகும் படைக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். திடலில் கூட்டம், பேச்சு, பாட்டு. பையன்கள் எல்லாம் ஓடினார்கள். ஒருநாள் சாயங்காலம் இவர் வேட்டியைத் துவைத்து உலர்த்தி, தலைவாரி, புறப்பட்டு நின்றார். பர்மா வழியாக இந்தியாவுக்குள் போய்விட்டால் அப்புறம் ரயில் இருக்கிறது என்றார்.

"நாட்டுக்காகப் போறீங்களா, அவளுக்காகப் போறீங்களா?" என்று கேட்டேன்.

"நாட்டுலதானே அவ இருக்கா."

"அப்போ நான் எந்த நாட்டுல இருக்கேன்?"

அவர் என்னைப் பார்த்தார். ஆனாலும் போனார். நான் வாசலில் நின்று, அவர் விந்தி விந்தித் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். நொறுங்கிய காலோடு, ஆயிரம் மைல் காட்டைத் தாண்டி, இருக்கிறாளோ இல்லையோ தெரியாத ஒருத்திக்காக ஒரு மனுஷன் கிளம்புகிறான். எனக்காக அவர் எங்கேயாவது இப்படி நடந்திருப்பாரா? அடுத்த தெருவுக்காவது?

காலைப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இருட்டுவதற்குள் வந்துவிட்டார். நான் சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷத்தைக் காட்டிக்கொள்ளாமல் கிழங்கை எடுத்து வைத்தேன். அவர் சாப்பிட்டார். அன்றைக்கு அவருக்காகவும் எனக்குப் பாவமாக இருந்தது.

இன்னொன்றும் உனக்குச் சொல்ல வேண்டும். சண்டைக்கு முந்தின தீபாவளிக்கு அவர் சிராங்கூன் ரோட்டில் இரண்டு சேலை எடுத்தார். இரண்டும் ஒரே மாதிரி, அரக்குச் சிவப்பில். ஒன்று எனக்கு, ஒன்று உனக்கு. உன்னுடையதைக் கொண்டுபோக ஆள் கிடைப்பதற்குள் கப்பல் நின்றுவிட்டது. ஜப்பான்காரன் காலத்தின் கடைசியில் அவர் காய்ச்சலில் விழுந்தார். மருந்து இல்லை, கஞ்சிக்கு அரிசி இல்லை. துணியே கிடைக்காத காலம். ஒரு நல்ல சேலை கொடுத்தால் அரிசி தருகிற ஆட்கள் இருந்தார்கள். நான் பெட்டியைத் திறந்ததும் படுக்கையிலிருந்து அவர் கேட்டார்.

"எதை எடுக்கிற?"

"ஒண்ணை."

"அவளோடது மேல இருக்கு. அதை எடுக்காதே."

என்னுடையதைத்தான் கொடுத்தேன். சாக்குத் துணி ஒட்டுப்போட்ட பாவாடையோடு நான் கஞ்சி காய்ச்சிக் கொடுத்து அவர் பிழைத்தார். உன் சேலை மடிப்புக் கலையாமல் பெட்டிக்குள் இருந்தது. ஒரு மத்தியானம் அதை எடுத்துத் தோளில் போட்டுப் பார்த்தேன். எனக்கு நன்றாகத்தான் இருந்தது. பிறகு மடித்து வைத்துவிட்டேன். அதைக் கொடுத்திருந்தால் அவர் என்னை ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார் என்பது இன்னும் கோபம். சொல்லாமலே உன்னை நினைத்துக்கொண்டிருப்பார்.

சண்டை முடிந்தது. மறுபடியும் கப்பல் விட்டார்கள். போன மாதம் உன் தம்பி கோவிந்தன் வந்தான்.

அவனைப் பார்த்ததுமே இவர் எழுந்து நின்றுவிட்டார். கோவிந்தன் அவசரப்படாமல் எல்லாவற்றையும் சொன்னான். அந்தப் புயலில் நீ சாகவில்லை. கடல் வந்தபோது மாமியாரை முதுகில் தூக்கிக்கொண்டு கோயில் மண்டபத்துக்கு ஓடினாயாம். அங்கே இருந்தவர்கள் பிழைத்தார்கள். வீடு போய்விட்டது. கடலை விட்டுத் தள்ளி உள்ளே இருந்த மேட்டு ஊருக்கு உறவுக்காரர்கள் வரச் சொன்னார்கள். அவர் வந்தால் இடம் தெரியாமல் தடுமாறுவார் என்று வீடு இருந்த அதே இடத்தில் குடிசை போட்டாயாம். கிணறெல்லாம் உப்பாகி, அடுத்த கோடையில் காலரா வந்தது. மாமியாரும் போனார், நீயும் போனாய்.

அதற்கு முன்னால் நடந்த ஒன்றையும் சொன்னான். சிங்கப்பூர்த் துறைமுகம் எரிந்துபோய்விட்டது, அங்கே வேலை செய்த ஒருத்தரும் இல்லை என்று உங்கள் ஊரில் செய்தியாம். தாலியைக் கழற்றச் சொல்லிப் பெரியவர்கள் வந்தார்களாம். நீ சொன்ன பதிலைக் கோவிந்தன் சொன்னான். "பாத்தவன் வந்து சொல்லட்டும், கழட்டுறேன்."

இவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அக்கா, அந்த நிமிஷத்தில் எனக்கு உன்மேல் வந்த பொறாமை, இத்தனை வருஷமும் வந்ததையெல்லாம் சேர்த்தாலும் ஈடாகாது. நடுவில் கடல், கடிதம் இல்லை, ஆள் இல்லை. இரண்டு பேரும் ஒரே வார்த்தையைச் சொல்லியிருக்கிறீர்கள். ஒரே வீட்டில் இருந்து, ஒரே தட்டில் சாப்பிட்டு, நானும் அவரும் அப்படி ஒரே வார்த்தை பேசியதுண்டா?

இவர் கோயில் பக்கம் போனபிறகு, கோவிந்தனுக்குச் சோறு போட்டுவிட்டுக் கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"என்னைப் பத்தி ஏதாச்சும் கேட்டிருக்காங்களா?"

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே யோசித்தான். பிறகு சொன்னான். "கேக்காத நாளே கிடையாது. சிங்கப்பூர்லேருந்து யாரு திரும்பி வந்தாலும் அக்கா போய் நிப்பா. அவ செவப்பா, கறுப்பா? ஒசரமா? நல்லா ஆக்குவாளா? மாமா அவளையும் 'ஏ புள்ள'ன்னுதான் கூப்பிடுறாரான்னு கேப்பா. மாமா அங்க நல்லா இருக்காருன்னு சொல்லிட்டா, அன்னிக்கு அவளுக்குச் சோறு எறங்காது."

கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அழுகை வந்தது. உனக்காக நான் அழுத முதல் அழுகை அது. கோவிந்தன் பயந்துபோனான். அவனுக்கு எப்படிச் சொல்வது? நான் மட்டும்தான் இப்படி வெந்துகொண்டிருந்தேன் என்றல்லவா நினைத்திருந்தேன். நீ பெரிய மனசுக்காரி, சாமி மாதிரி பொறுத்துக்கொண்டிருந்தாய் என்றல்லவா எல்லாரும் எனக்குச் சொன்னார்கள். நீயும் அங்கே ஒவ்வொருத்தராகப் பிடித்து என் நிறத்தை விசாரித்துக்கொண்டிருந்திருக்கிறாய்.

போன வெள்ளிக்கிழமை உனக்குப் படையல் போட்டோம். நான்தான் சமைத்தேன், வெந்தயம் போட்டு. உன் சேலையை உனக்கே வைத்தோம். மேரியக்காவும் வந்து ஒரு ஓரமாக நின்றார்.

நீ கேட்டதற்கெல்லாம் யாரும் சரியாகப் பதில் சொல்லியிருக்க மாட்டார்கள். நான் சொல்கிறேன். நான் கறுப்பு. உயரம் கிடையாது, அவர் தோளுக்குத்தான் வருவேன். மீன் குழம்பு சுமாராக வரும், ரசம் வராது. அவர் என்னை லோகா என்று பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார். 'ஏ புள்ள' என்று அவர் ஒருத்தியைக் கூப்பிட்டிருக்கிறார் என்பதே உன் தம்பி சொல்லித்தான் எனக்குத் தெரியும். இனிமேல் அவர் அப்படி என்னைக் கூப்பிட்டாலும் நான் திரும்பிப் பார்க்க மாட்டேன். அதை நீயே வைத்துக்கொள்.

வருகிற தை மாதத்துக்குப் பிறகு அவர் ஊருக்கு வரப் போகிறார். நானும் கூட வருவேன். உன் குடிசை இருந்த இடத்தில் அவர் அழுவார், எனக்குத் தெரியும். அப்போது நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு கடலைப் பார்த்து நிற்பேன். அவர் அழுது முடிக்கும்வரை திரும்ப மாட்டேன். அவ்வளவு நேரமும் அவர் உனக்குத்தான். அதற்குப் பிறகு கையைப் பிடித்து என்னோடு கூட்டிக்கொண்டு வந்துவிடுவேன். இது சத்தியம்.

இன்னும் பொறாமை தீராத
உன் தங்கை,
லோகா