மாம்பலத்தில் வண்டி நின்றபோது

12-4-1944
யூனிவர்சிட்டி லைப்ரரியிலிருந்து எலெக்ட்ரிக் ரயிலில் திரும்பும்போதே தலைவலி. வீட்டில் கோதண்டபாணி மாமா. டில்லி வரனாம். சிதம்பரத்திலிருந்து பாசஞ்சரில் எழும்பூர் வந்து, உடனே சென்ட்ரலுக்கு ஓட வேண்டுமாம். "ஆத்துக்கு வர அவகாசமில்லை. மாம்பலத்துல வண்டி நிக்கறச்சே பொண்ணைக் காட்டிடுங்கோ" என்றார்.

ஜன்னல் வழியாகப் பெண் பார்ப்பது. இதற்குத்தான் ஆனர்ஸ்.

13-4
அப்பாவிடம் கேட்டுவிட்டேன். இதுவே கடைசி. அவர்கள் வேண்டாமென்றால் பரங்கிமலைப் பள்ளிக்கூட வேலைக்கு நான் போகலாம். "சரிடி வேம்பு" என்றார், முகத்தைப் பார்க்காமல்.

வேண்டாமென்று சொல்லட்டும்.

16-4
பையனின் அம்மாவிடம் டிபன் கேரியரை நான் கொடுக்க வேண்டும். அந்தச் சாக்கில் அவர்கள் என்னைப் பார்ப்பார்கள். அந்த அம்மாளுக்கு அடையாளம், வைரத்தோடு.

வண்டி நின்றது. ஒரே கூட்டம். "அதோ, வைரத்தோடு!" என்று அம்மா தள்ளினாள். கொடுத்தேன். "யாரு கொழந்தே நீ? தீர்க்காயுசா இரு" என்று அந்த மாமி வாங்கிக்கொண்டாள். விசில். வண்டி நகர்ந்த பிறகு அடுத்த பெட்டியிலிருந்து வேறொரு வைரத்தோடு கத்திற்று: "நாங்க இங்கேன்னா இருக்கோம்! பொண்ணு எங்கே?"

அடக்க முடியவில்லை. பிளாட்பாரத்தில் நின்று சிரித்தேன். அவள் தோளுக்குப் பின்னால் ஒருவன் — மூக்குக்கண்ணாடி — அவனும் சிரித்துக்கொண்டே போனான்.

அம்மா கேரியருக்காக அழுதாள்.

20-4
பதில் இல்லை. எனக்கென்ன?

27-4
வாசலில் சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தேன். பால்காரன்.

நான் ஏன் ஓடினேன்?

4-5
கோதண்டபாணி மாமா வந்தார். "பையனுக்குச் சம்மதம்தான். அவன் அம்மாதான், ஸ்டேஷன்ல நின்னுண்டு அப்படிச் சிரிக்கற பொண்ணு குடும்பத்துக்கு ஆகாதுங்கறா."

"என்னடி அப்படி ஒரு சிரிப்பு?" என்றாள் அம்மா. மூன்று முறை.

அப்பா சொல் தவறவில்லை. வேலையை ஒப்புக்கொள்ளச் சொன்னார். கேட்டது கிடைத்தது. இதைத்தானே கேட்டேன்?

அவனும்தானே சிரித்தான். அவனை யார் கேட்டார்கள்?

12-5
ஒன்றுமில்லை. வெயில்.

19-6
பரங்கிமலை. வகுப்பு ஜன்னலிலிருந்து ஸ்டேஷன் தெரிகிறது. பாதிப் பாடத்தில் பின்பெஞ்சு குல்ஷன் சிரித்துவிட்டாள். "என்னடி அப்படி ஒரு சிரிப்பு?" என்றேன். என் வாயில் அம்மாவின் குரல்.

குல்ஷன் தலைகுனிந்து எழுந்தாள். "ரயில் கார்டு தொப்பி காத்துல பூடுச்சு டீச்சர். பின்னாலயே ஓடிக்கினு கீறாரு."

எட்டிப் பார்த்தேன். ஓடிக்கொண்டுதான் இருந்தார்.

"சிரிச்சுட்டு உக்காரு" என்றேன்.