என் சத்தத்தை அழித்த மாதேசுக்கு

என் கண்ணு மாதேசு,

சாப்பிட்டாயா என்று கேட்டுத்தான் எனக்குப் பேச்சே தொடங்கும். இப்போது யாரைக் கேட்பது? காலையில் உன் படத்துக்கு முன்னால் ஒரு டம்ளர் காபி வைக்கிறேன். ஆறிப்போனதும் நானே குடிக்கிறேன். நம்ம ஊர் கௌதள்ளியிலிருந்து உன் அப்பா போன் பண்ணுவான். மழையைப் பற்றிப் பேசுவோம். உன் பெயர் வந்துவிடும் போலிருந்தால் அவனே போனை வைத்துவிடுவான்.

மைசூரில் உங்களோடு இருந்த தம்பி மகன் என்ன வேலை செய்தான் என்று என்னைக் கேட்கிறவர்களுக்கு எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன். கம்ப்யூட்டருக்கு மவுஸ், கீபோர்டு, காதில் மாட்டுகிற ஹெட்செட் எல்லாம் செய்து உலகம் பூராவும் விற்கிற கம்பெனி. அதில் புதுசு புதுசாகச் செய்து பார்க்கிற பிரிவு. வீட்டிலிருந்து வேலை பார்க்கிறவன் பேசும்போது, பக்கத்தில் யார் கத்தினாலும் எதிர்முனையில் கேட்கக் கூடாது, அவன் குரல் மட்டும் போக வேண்டும். அப்படி ஒரு ஹெட்செட்டுக்காக நீ சோறு தண்ணியை மறந்து கிடந்தாய்.

எதை அழிக்க வேண்டும் என்று அதற்குப் பாடம் சொல்லித்தரச் சத்தம் வேண்டுமென்றாய். சாப்பாட்டு மேஜையில் மைக்கை வைத்தாய்.

"அத்தை, நீங்க சும்மா பேசிட்டே இருங்க."

"எதைப் பத்திடா பேசறது?"

"இதை நீங்களா கேக்கறீங்க?"

படவா. பேசினேன். பால்காரன் தண்ணீர் கலப்பதை, மாதப்பன் மலைக்குப் போகிற பஸ்ஸில் ஒருத்தி துண்டைப் போட்டு இடம் பிடித்ததை, எல்லாம். பூஜை மணியையும், "உகே மாதப்பா" என்று நான் கூவுவதையும்கூட விடாமல் பிடித்துக்கொண்டாய்.

"சாமி பேரு உனக்கு இரைச்சலாடா?"

"எனக்கு இல்லைங்கத்தை. மீட்டிங்ல இருக்கறவனுக்கு."

பிறகொரு நாள் அதில் நீ பேசிப் பதிந்ததை என் காதில் மாட்டிக் காட்டினாய். உன் குரல் மட்டும் கணீரென்று கேட்டது. பின்னால் பேசிக்கொண்டே இருந்த நான் எங்கேயும் இல்லை. "பாத்தீங்களா, உங்களைக் காணோம்!" என்று குதித்தாய். நானும் சிரித்தேனே, "என்னை அடியோட அழிச்சிட்டியேடா" என்று.

அன்றைக்குக் காலையில் வெளிநாட்டுப் பெரிய அதிகாரிகளுக்கு அதைக் காட்டப் போகிறேன் என்றாய். உன் பக்கம் கேமரா இல்லை, சத்தம் மட்டும்தான். நீ பேச்சை நிறுத்திக் கை தூக்கியதும் நான் பின்னால் நின்று சத்தமாகப் பேச வேண்டும் என்று சொல்லி வைத்தாய். திருநீறு பூசிவிட்டேன். இங்கிலீஷில் என்னவோ சொன்னாய். கை தூக்கினாய். நான் பால்காரன் கதையை ஆரம்பித்தேன்.

அந்தக் கை எனக்குக் காட்டிய சைகையா சாமி? இல்லை, நெஞ்சு வலித்துத் தூக்கினாயா?

உன் தலை மேஜையில் சாய்ந்தது. தொட்டேன், அசையவில்லை. திரையில் அத்தனை முகங்கள் உயிரோடு இருந்தன. உன்னோடு வேலை பார்க்கிற, நீ தினமும் பேசுகிறவர்களும் அதில் இருந்தார்களே, கேட்டு யாராவது ஓடி வருவார்கள் என்று நம்பி அந்தத் திரையைப் பார்த்துக் கத்தினேன். "என் புள்ளை விழுந்துட்டான்! ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க!" தொண்டை கிழியக் கத்தினேன்.

அவர்கள் கைதட்டினார்கள், மாதேசு. சிரித்துக்கொண்டே எல்லாரும் கைதட்டினார்கள். ஒரு சத்தமும் வரவில்லையாம், அவ்வளவு சுத்தமாக இருந்ததாம்.

அப்புறம்தான் தெருவுக்கு ஓடினேன். ஆட்டோவில் என் மடியில்தான் வந்தாய். முன்னமே கொண்டு வந்திருந்தால் பிழைத்திருப்பானா என்று டாக்டரைக் கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை.

காரியமெல்லாம் முடிந்த பிறகு உன்னோடு வேலை பார்த்த ரம்யா வந்தாள். பாதி கன்னடம், பாதி தமிழ். திரையில் முதலில் கைதட்டியவள் அவள்தான் என்று அவளே சொல்லி அழுதாள். காபி கொடுத்தேன். வேறென்ன செய்ய?

போன வாரம் மறுபடி வந்தாள். "ஆன்ட்டி, பேஜார் பண்ணிக்காதீங்க. ஆபத்துல கத்தினா மட்டும் அந்தச் சத்தத்தை அழிக்காம அந்தப் பக்கம் விடணும்னு அதுக்குச் சொல்லித்தர்றோம். நாங்க கத்தினா விடுது. உங்க குரல்ல பழகினதால உங்களையும் உங்களை மாதிரி வீட்டுல பேசறவங்களையும்தான் நல்லா அழிக்குது. நீங்க லேப்ல வந்து கத்தணும்."

"எப்படிக் கத்தறது?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "அன்னிக்கு மாதிரி."

"வேற ஆளைப் பாரு, போடி!" என்று கதவைச் சாத்திவிட்டேன். பெற்றவள் இல்லையென்றால் எனக்கு வயிறு எரியாதா? அந்தக் கத்தலை இன்னொரு தரம் எப்படிக் கத்துவேன்?

இப்போதெல்லாம் சாமி முன்னால் வாயைத் திறப்பதில்லை. உனக்காக எவ்வளவு கூவினேன். அந்த மாதப்பனும் காதில் நீ செய்ததைத்தான் மாட்டிக்கொண்டிருக்கிறானோ என்னவோ.

ஆனால் நேற்றுக் காய் வாங்கப் போனபோது, ஒரு வீட்டு ஜன்னலோரம் உன் வயதுப் பையன் காதில் ஹெட்செட்டோடு பேசிக்கொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் ஒரு பொம்பளை தானாகப் பேசிக்கொண்டே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அவளைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். வீட்டுக்கு வந்து ரம்யாவுக்குப் போன் பண்ணினேன்.

வருகிற திங்கட்கிழமை, மாதப்பனுக்கு உகந்த நாள், குளித்துத் திருநீறு பூசிக்கொண்டு உன் லேபுக்குப் போகிறேன். அது என் சத்தத்தை விடுகிறவரை கத்துவேன். தொண்டை போனால் ஆறவைத்துக்கொண்டு மறுநாளும் போவேன். உன் பெயரைச் சொல்லித்தான் கத்துவேன், எனக்கு வேறெதுவும் வராது. கேட்டால் பதறி எழுந்துவிடாதே, கண்ணு. நீ தூங்கு. அது அந்த வெங்காயம் உரிக்கிறவளுக்காக.

உன் அப்பனுக்கு அக்கா,
உனக்கு வாய் ஓயாத அத்தை,
பழனியம்மா