அனுப்பாத வீடியோ

அன்புள்ள பானு அக்கா,

நீங்கள் போன பிறகு ஒன்பதாம் வகுப்பின் ஆங்கிலப் பாடமும் என் தலையில் வந்து விழுந்தது. சமூக அறிவியல் நடத்துகிறவளுக்கு ஆங்கிலம்! "பானு டீச்சர் இப்படிச் சொல்ல மாட்டாங்க டீச்சர்" என்று பிள்ளைகள் என்னைத் திருத்துகிறார்கள். கோபமே வருவதில்லை. உங்கள் பெயர் வகுப்பில் தினமும் ஒலிக்கிறதே, அது போதும்.

ஜெர்மனியில் உள்ள பள்ளியோடு நீங்கள் தொடங்கிவைத்த கடிதப் பழக்கம் நின்றுவிடவில்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். இன்னொன்றும் இருக்கிறது. அதை நேரிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

அவர்களுடைய முதல் கடிதம் நினைவிருக்கிறதா? தண்ணீரைப் பற்றிப் படிக்கிறோம், உங்கள் ஊரில் தண்ணீர்க் கஷ்டமாமே, நாங்கள் என்ன உதவி செய்யலாம் என்று கேட்டிருந்தார்கள். எனக்கு ஒரே குஷி. நீங்கள் மட்டும் முகம் சுளித்தீர்கள். "நாம கை நீட்டல செல்வி. அவங்க ஒண்ணு கேட்டா நாமளும் ஒண்ணு கேக்கணும். அப்பதான் அது பேச்சு" என்றீர்கள்.

நீங்கள் மருத்துவமனைக்குப் போயிருந்த ஒரு நாளில், கல்வராயன் மலையிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் நம் கௌசல்யாவைக் காலிக் குடத்தோடு வெயிலில் நிற்கவைத்து, அவர்களுக்கு அனுப்ப ஒரு வீடியோ எடுத்தேன். சீவியிருந்த தலையைக் கலைத்துவிடச் சொன்னேன். சொன்னபடியெல்லாம் செய்தாள். "இன்னும் கொஞ்சம் சோகமா நிக்கணுமா டீச்சர்?" என்று கேட்டாள். அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை.

உங்களிடம் பெருமையாகக் காட்டினேன். பார்த்து முடித்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டீர்கள்: "அவள கேட்டியா?"

"நல்லதுக்குத்தானேக்கா" என்றேன். நீங்கள் போனைத் திருப்பித் தந்துவிட்டு நோட்டு திருத்தப் போய்விட்டீர்கள். அடுத்த வாரம் பள்ளிக்கு வரவில்லை. பிறகு வரவே இல்லை. என்மேல் வருத்தத்தோடுதான் போனீர்களா அக்கா?

உங்கள் நாற்பதாம் நாளுக்குத் தியாகதுருகத்தில் உங்கள் வீட்டுக்கு வந்துவிட்டுத் திரும்பிய மறுநாள், கௌசல்யா வராண்டாவில் என்னை நிறுத்தினாள்.

"அந்த வீடியோவ அனுப்பிட்டீங்களா டீச்சர்?"

"இல்லம்மா. ஏன்?"

"வாணாம் டீச்சர். எங்க ஊர்ல நல்ல ஊத்து இருக்குது. கோடையிலதான் கம்மி. அந்தப் பசங்க என்ன எப்பவும் அப்டியேதான் நெனச்சிக்கினு இருப்பாங்க."

அவள் பார்க்கவே அழித்தேன். மன்னிப்பும் கேட்டேன். "பரவால்ல டீச்சர்" என்று சொல்லிவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு ஓடிவிட்டாள். நான் அன்று சாப்பிடவில்லை.

போன மாதம் நம் வகுப்பும் ஜெர்மனி வகுப்பும் வீடியோ காலில் பேசின. அங்கிருந்து ஒரு பையன், உங்களுக்குத் தண்ணீரே கிடைக்காதா என்று கேட்டான். கௌசல்யா எழுந்து தமிழில் சொல்ல, நான் மொழிபெயர்த்தேன். ஊற்றைப் பற்றிச் சொன்னாள்; வெயில் காலத்தில் எவ்வளவு தூரம் நடப்பார்கள் என்று மறைக்காமல் சொன்னாள். கடைசியில், "ஒங்க வூட்டுக் குழாயில தண்ணி எங்கேர்ந்து வருது?" என்று கேட்டாள். அங்கே ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாருக்கும் தெரியவில்லை.

நம் பக்கம் விக்னேஷ் கெக்கெக்கே என்று சிரித்தான். அவளை எப்போதும் 'காட்டுப்பூச்சி' என்று கூப்பிடுவானே, அவன்தான். அவள் விருட்டென்று திரும்பினாள். "ஒங்க வூட்டுக்கு எங்கேர்ந்து வருது, நீ சொல்லு?"

"டேங்க்லேர்ந்து."

"டேங்குக்கு?"

அவரவர் வீட்டுத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதை இரண்டு வாரத்தில் கண்டுபிடித்து எழுதுவது என்று இரு நாட்டுப் பிள்ளைகளும் அன்றே பேசிக்கொண்டார்கள். விக்னேஷ் சைக்கிளை எடுத்துக்கொண்டு டேங்கிலிருந்து ஆற்றோரத்து போர்வெல் வரை போனான். ஆறு எங்கிருந்து இறங்குகிறது என்று பம்பு ஓட்டுகிறவரிடம் கேட்டு வந்தான். கௌசல்யாவின் பெஞ்சுக்கு முன்னால் நின்று, "ஒங்க மலையிலேர்ந்துதான் வருது" என்றான். அந்தப் பட்டப்பெயரை அதன்பின் நான் கேட்கவில்லை. ஜெர்மனிப் பிள்ளைகளும் தங்கள் தண்ணீரின் வழியைப் படம் வரைந்து அனுப்பியிருக்கிறார்கள். நீங்கள் பார்த்திருக்க வேண்டும் அக்கா.

இப்போது அவர்கள் புதிதாக ஒன்று கேட்டிருக்கிறார்கள்: உங்கள் பள்ளிக் குப்பை எங்கே போகிறது? எங்கே போகும்? சத்துணவுக் கூடத்துக்குப் பின்னால் பிளாஸ்டிக்கோடு சேர்த்து எரிக்கிறோம். "பள்ளிக்கூடம் மானம் போய்டும் டீச்சர், நல்லதா நாலு வரி எழுதிடுங்க" என்கிறார் தலைமையாசிரியர். பிள்ளைகளிடம் கேட்டேன். உள்ளதை எழுதுவது என்று கை தூக்கிவிட்டார்கள். புகையால் இருமல் வருகிறவர்கள் யார் யார் என்று இன்று காலை வகுப்பு வகுப்பாக விசாரித்துக்கொண்டிருந்தார்கள்.

எரிக்கிறோம் என்பதை இந்த முறை அவர்களுக்கு எழுதுகிறோம். நிறுத்திவிட்டோம் என்பதை இந்த வருடம் முடிவதற்குள் எழுதுவோம். அதை எழுத வைப்பது என் பொறுப்பு அக்கா.

உங்கள் கூடப்பிறக்காத தங்கை,
செல்வி