நூர்ஜஹானுக்கு நான் சொல்லித்தராதது

1970 நவம்பர் 9, திங்கள்
விடியலிலிருந்து மழை. ராயபுரம் பாலத்தடியில் முழங்கால் தண்ணீர். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு.

மேட்ரன் இரண்டாம் வருடப் பெண்கள் நால்வரை என்னிடம் ஒப்படைத்தார். பீடியை விடமுடியாத நோயாளிகளிடம் எப்படிப் பேசுவதென்று நான் கற்றுத்தர வேண்டுமாம். "நான் சொன்னா பயப்படுதுங்க. நீயும் படிக்கிறவதானே ஸ்டெல்லா, நீ சொல்லு."

மதியம் ஒத்திகை. ஒருத்தி நோயாளி, ஒருத்தி நர்ஸ். நர்ஸாக நடித்தபோது மூன்று பேர் நோயாளியைத் திட்டித் தீர்த்தார்கள். தண்டையார்பேட்டை நூர்ஜஹான் மட்டும் திட்டவில்லை. அவள் அம்மா வீட்டில் பீடி சுற்றுகிறவராம். சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது.

11, புதன்
தூறல். சோப்பு வாங்க மறந்தாயிற்று.

ஆண்கள் வார்டு. தனபால், ஹார்பரில் மூட்டை தூக்கியவர். பீடியால் ரத்தக்குழாய் அடைத்து, போன மாதம் இடதுகாலை எடுத்தார்கள். வலதுகால் விரல்களும் கறுக்கின்றன. இன்னும் கட்டையை ஊன்றிப்போய்க் கக்கூசில் பீடி குடிக்கிறார். நூர்ஜஹானை அவரிடம் அனுப்பிவிட்டு நான் தள்ளி நின்றேன்.

"எப்பண்ணே ரொம்ப வேணும்னு தோணுது?"

"வலி எட்த்தா. தூக்கமே வராது சிஸ்டர்."

"அப்ப என்னக் கூப்டுங்க. பேசிக்கினு இருக்கலாம்."

தலையணைக்கடியிலிருந்த பீடிக்கட்டை அவரே எடுத்துக் கொடுத்தார்.

16, திங்கள்
வெயில். யூனிஃபார்ம் காய்ந்தது, அப்பாடா.

தனபால் பீடி தொடவில்லை. எல்லோர்மேலும் எரிந்து விழுகிறார். டியூட்டி முடிந்தும் நூர்ஜஹான் அங்கேதான். அவர் மனைவி அவளுக்கு நெத்திலிக் கருவாடு கொண்டுவந்தார்.

20, வெள்ளி
வலதுகாலும் போகவேண்டும் என்றார் பெரிய டாக்டர். பீடியை விடுவதற்கு முன்பே அழுகத் தொடங்கிவிட்டதாம்.

"அதான் வுட்டுட்டனே சிஸ்டர்," என்றார் தனபால், நூர்ஜஹானிடம்.

அவள் என்னைப் பார்த்தாள். இதற்கு என்ன சொல்வதென்று நான் சொல்லித்தரவில்லை. எனக்கே தெரியாது.

24, செவ்வாய்
மறுபடி மழை. நேற்று ஆபரேஷன் முடிந்தது. காலையில் தனபால் பக்கத்துப் படுக்கைக்காரரிடம் பீடி கேட்டிருக்கிறார். நால்வரையும் கூட்டிக்கொண்டு போனேன்.

"ரெண்டும் பூட்ச்சி. இன்மே வுட்டு இன்னா ஆவப்போவுது? ஒண்ணு குடும்மா."

நிறுத்தாவிட்டால் அடுத்தது கைவிரல்கள். எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

நூர்ஜஹான் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"கை ரெண்டும் கீதேண்ணே."

போர்வைக்குள்ளிருந்து கைகளை வெளியே எடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.